அத்தை முகத்தில் மின்னிய வெள்ளை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டுவிட்டேன். எழுதினால் அம்மனைக் குறைத்துப் பேசியதாகிவிடுமோ என்ற பயம்தான். இந்த ஆடி வெள்ளிக்கு விளக்கேற்றிக் கும்பிட்டபோது, உள்ளதை உள்ளபடி சொன்னால் அவள் கோபிக்க மாட்டாள் என்று மனசுக்குப் பட்டது. எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் மலேசியாவில், பெக்கான் நானாஸ் ஊரில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. கோயில் திருவிழா, கல்யாணம் என்றால் படம் எடுப்பது சித்தப்பாதான். அந்த வருஷம் பழைய பிலிம் கேமராவை விற்றுவிட்டு, சிங்கப்பூரில் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி வந்திருந்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. அதுவரை படம் எடுத்தால் ரோல் முடிய வேண்டும், கடையில் கழுவ வேண்டும். தீபாவளிக்குப் பல் இளித்ததைப் பொங்கலுக்குத்தான் பார்ப்போம். இதிலோ எடுத்த கையோடு கேமராவின் முதுகிலேயே படம்! மாரியம்மன் திருவிழா அன்று நான் சாமியைப் பார்த்ததைவிட அந்தச் சின்னத் திரையைப் பார்த்ததுதான் அதிகம்.

அந்த வருஷம் அத்தை பால்குடம் எடுத்தார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. வயிற்றில் கட்டி என்று சொல்லி, அடுத்த திங்கட்கிழமை ஜொகூர் பாருவில் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். கத்தி என்றாலே நடுங்கும் அத்தை, அப்பா அழுது கெஞ்சிய பிறகுதான் சரி என்றிருந்தார்.

சித்தப்பாவுக்கு ஒரு கணக்கு உண்டு. "நம்ம ஆளுங்க முகத்துக்கு வெளிச்சம் ஒரு படி கூட வைக்கணும். இல்லன்னா கடைக்காரன் கரியாக்கிக் கொடுத்துடுவான்" என்பார். பிலிம் அதைப் பொறுத்துக்கொண்டது. அன்றும் கோயில் தகரக் கூரை நிழலில் நின்று ஒரு படி கூட்டி வைத்தார். பால்குடங்கள் உச்சி வெயிலுக்கு வந்தன. மேளச் சத்தத்தில் அளவை மாற்ற மறந்து, அத்தையை எடுத்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். அத்தைக்கு முகமே இல்லை! திருநீறு பூசிய நெற்றி, கன்னம், தலையில் பால்குடம் எல்லாம் ஒரே வெள்ளை. அந்த வெள்ளையும் சும்மா இல்லாமல் விட்டு விட்டு மின்னியது.

பக்கத்தில் நின்ற கோயில் தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அலமாக்! அம்மா வந்துட்டாடா! தாயே, படத்துலயே காட்சி கொடுத்துட்டியே!"

கூட்டம் மொய்த்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எங்கள் அத்தை முகத்தில் அம்மன்! பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னால் எத்தனை பேர் வாயைப் பிளப்பார்கள்!

பாலை ஊற்றிவிட்டு வந்த அத்தை படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அவளே வந்துட்டா. இனி எனக்கு எதுக்குடா ஆஸ்பத்திரி? வரலன்னு போன் போட்டுச் சொல்லிடு தம்பி."

தலைவருக்கோ வேறு கனவு. "இதப் பெருசா பிரேம் போட்டு சன்னிதியில மாட்டுவோம்பா. உன் பேரு நிக்கும் லா!"

சித்தப்பா அத்தையைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அக்கா, அது அம்மன் இல்ல. வெளிச்சம் கூடிப்போச்சு. கூடிப்போன இடத்த இந்த கேமராவே மின்னிக் காட்டும். கடையில சொன்னாங்க, நான்தான் காதுல வாங்கல."

"வாயக் கழுவுப்பா! சாமி விஷயத்துல விளையாடாத!" என்றார் தலைவர்.

"கோவிக்காதீங்க தலைவரே. கொஞ்சம் வெயில்ல வந்து நில்லுங்க."

நின்றார். கிளிக். திரையில் தலைவரின் வழுக்கை மண்டை பளிச் பளிச்சென்று மின்னியது.

முதலில் சிரித்தது அத்தைதான். "ஏன் தலைவரே, அம்மன் உங்க மண்டைலயும் ஏறிட்டாளா?" கூட்டமே சிரித்தது. பிறகு அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப என்னைச் சரியா எடு" என்றார்.

சித்தப்பா கேமராவின் வெளிச்சத் திருகைத் திருப்பி, ஒரு படி குறைத்து எடுத்தார். குடத்தின் விளிம்பு இன்னும் மின்னியது. மறுபடி குறைத்தார். மின்னல் நின்றது. அத்தை கேமராவை வாங்கி வெகுநேரம் பார்த்தார். குழிவிழுந்த கண், ஒட்டிய கன்னம், துருத்திய கழுத்தெலும்பு.

"இவ்ளோ இளைச்சிட்டேனா தம்பி?"

சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. திங்கக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார் அத்தை.

போனார். நல்லபடியாகத் திரும்பியும் வந்தார்.

ஆனால் நான் பல நாள் சித்தப்பாவோடு பேசவில்லை. என் கண் முன்னாலேயே அவர் திருகைத் திருப்பத் திருப்ப, ஜொலித்துக்கொண்டிருந்த அத்தை வற்றிப்போய் நோயாளி ஆனார். நோயே அந்தத் திருகில்தான் வந்தது என்று நம்பினேன். 'திருப்பி ஏத்துங்க சித்தப்பா' என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்து அழுதேன். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் அக்காவை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு இழுத்துப் போட்டார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

இதை நீங்கள் யாரிடமாவது சொல்வதானால் இருந்தபடியே சொல்லுங்கள். படத்தில் அம்மன் தெரிந்தாள் என்று கூட்டிச் சொல்லாதீர்கள். அன்றைக்கு அவள் அங்கே இல்லை என்று குறைத்தும் சொல்லிவிடாதீர்கள்.