என் பென்ஷன் பணம் அந்தக் கம்பெனிக்கு வேண்டாம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆபீஸ் பிரிவுக்கு மாறுவதற்கு முன்பு, விருத்தாசலம் ஜங்ஷனில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில், "சில்லற இல்லன்னா அந்தம்மாகிட்ட போவாத" என்று வரிசையில் நிற்பவர்களே எச்சரித்துக்கொள்வார்கள். நான் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

புதுப் பென்ஷன் திட்டம் வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவள் நான். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதில் ஒரு பகுதி கம்பெனிகளின் பத்திரங்களுக்கும் பங்குகளுக்கும் போகும். எந்தெந்தக் கம்பெனி என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்டேன். வந்த பட்டியலில் என் அண்ணனை வெளியே தள்ளிய கம்பெனியின் பெயரும் இருந்தது.

அண்ணன் அங்கே பீங்கானுக்கும் டைல்ஸுக்கும் போகிற வெள்ளைக்கல்லை மாவாக அரைக்கும் பிரிவில் இருந்தார். தூசு தடுக்கிற முகமூடி கேட்டார், கொடுக்கவில்லை. நாலு பேரைச் சேர்த்துச் சங்கம் வைக்கலாம் என்று பேச்செடுத்தார். மறுநாள் கேட்டிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். வேலை அங்கேயே நின்றுவிட்டது, இருமல் மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்தது. நுரையீரலில் படிந்த தூசு இனிப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மூச்சைத் தின்று லாபம் பார்க்கிற கம்பெனி, வயதான காலத்தில் எனக்குச் சோறு போடுமாம். அந்தச் சோறு தொண்டையில் இறங்குமா?

எங்கள் ரயில்வே ஊழியர் சங்கக் கிளையின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தேன். மனித உரிமையை மிதிக்கிற கம்பெனிகளிலிருந்து எங்கள் பென்ஷன் பணத்தை எடுக்க வேண்டும் என்பதுதான் அது. கடைசித் தீர்மானமாக வைத்தார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. செயலாளர் படிப்பார். "இக்கூட்டம் கேட்டுக்கொள்கிறது" என்று அவர் குரல் இறங்கியதும் எல்லாரும் கை தட்டுவார்கள். தட்டினால் நிறைவேறியது. என்ன படித்தார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அன்றைக்கு இரங்கல் தீர்மானத்துக்கே பின்வரிசையில் சிலர் தட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். என் தீர்மானம் வந்தபோது பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அண்ணனுக்காகக் கேட்டதும் பிரியாணிக்காகத் தட்டியதும் ஒன்றாகிவிட்டதை நினைத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன்.

"தோழர், திரும்பப் படிங்க."

"பாஸாயிடுச்சேம்மா. அதான் கை தட்டிட்டாங்களே."

"இரங்கலுக்குந்தான் தட்னாங்க. திரும்பப் படிங்க. புரிஞ்சவங்க கை தூக்கட்டும்."

செயலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் படித்தார். இப்போது எல்லாரும் கேட்டார்கள்.

"அப்ப நம்ம பென்ஷன் கொறையுமா?" என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர்.

"கொறையலாம், கொறையாமயும் போவலாம். எனக்குத் தெரியாதுங்க. எங்கண்ணன் நெஞ்சுல தூசி இருக்குது, அது தெரியும்."

கை தூக்கியவர்கள் என்னோடு சேர்த்து ஆறு பேர். நிறைவேறியிருந்த தீர்மானம் தோற்றுப்போனது.

"உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கிட்டீங்களேம்மா" என்றார் செயலாளர்.

"என் தலைதானே தோழர், நான் பாத்துக்கறேன். ஆறு பேர் பேரையும் மினிட்ஸ் நோட்டுல எழுதுங்க."

அவர் எழுதி முடிக்கும்வரை மேசைப் பக்கத்திலேயே நின்றேன். பிறகு நாங்கள் ஆறு பேரும் பென்ஷன் நிதியை நடத்துகிறவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பிரியாணி ஆறிப்போயிருந்தது, இருந்தாலும் விடாமல் சாப்பிட்டேன்.

வீட்டுக்குப் போகும்போதுதான் வெட்கமாக இருந்தது. அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னா பாப்பா, பாஸாச்சா?"

"இல்லண்ணா. ஆறு பேருதான் கை தூக்கனாங்க."

அவர் சிரிக்கப்போய் இருமினார். இருமல் அடங்க நேரமானது.

"நான் மாஸ்க் கேட்டு நின்னப்ப பக்கத்துல ஒருத்தன்கூட வந்து நிக்கல. ஆறு பேருன்னா பெரிய கூட்டந்தான். வுடாத."

மறுநாள் காலையில் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. அடுத்த மாதம் சம்பளத்தில் பிடித்த அன்றைக்கே இன்னொன்று அனுப்பினேன். அதற்கடுத்த மாதமும் அனுப்பினேன். அண்ணன் இறந்த மாதத்திலும் ஒன்று போனது.