ராசாங்கத்தின் கட்டிலோரம் ஒரு பெட்டிக்கு இடம்

ராசாங்கம் லாரியிலிருந்து விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ரஞ்சன்குடி பக்கம் ரோட்டோரமாக வண்டியை நிறுத்தி, அவிழ்ந்துபோன தார்ப்பாயை இழுத்துக் கட்ட சிமெண்ட் மூட்டைகளின் மேல் ஏறினார். கயிறு கையோடு வந்துவிட்டது. மல்லாக்க விழுந்ததில் கழுத்தெலும்பு உடைந்தது. உயிர் தங்கியது. தோளுக்குக் கீழே பெரும்பாலும் எதுவும் தங்கவில்லை.

வலது மணிக்கட்டை மேலே தூக்கினால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். அந்த அளவுதான் பிடி. அதில் தடிமனான கரண்டிக் காம்பு நிற்கும், மெல்லிய துணி நிற்காது. மற்றதெல்லாம் அடுத்தவர் கையில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவரைப் புரட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வரும். தொண்டையில் சளி கட்டினால் அவரால் இரும முடியாது. வயிற்றில் கை வைத்து அமுக்கி யாராவது இருமவைக்க வேண்டும்.

பகலில் அந்த யாராவது சம்பூர்ணம். அறுபத்து மூன்று வயது. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து, நோயாளி பார்க்கும் பயிற்சியும் முடித்தவர். காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குப் போவார். ராசாங்கத்தின் மனைவி பரிமளா அந்த நேரத்தில் அரியலூர் டவுனில் ஒரு துணிக்கடையில் பில் போடுவாள். இந்த வேலைக்காகத்தான் சொந்த ஊரான அரும்பாவூரை விட்டு அரியலூரில் ஒரு ஒற்றை அறை வீட்டுக்கு வந்தார்கள். அறையில் கட்டில், சக்கர நாற்காலி, பீரோ. மீதி இடத்தில் ஒருவர் பக்கவாட்டில்தான் நடக்கலாம்.

இந்த அறைக்குத்தான் போன வாரம் இரண்டு பெட்டிகள் வந்து சேர்ந்தன. அரும்பாவூர் வீட்டை ராசாங்கத்தின் அண்ணன் இடித்துக் கட்டப்போகிறார், அதனால் அனுப்பிவிட்டார். கட்டிலோரத்து ஸ்டூலுக்கு அடியில் ஒன்றுதான் நுழையும் என்று பரிமளா அளந்து பார்த்துச் சொன்னாள். இன்னொன்றை, பழைய பொருள் சேர்க்கிற ராசாங்கத்தின் சிநேகிதர் குழந்தைவேல் எடுத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை வருகிறார். எது என்று அதற்குள் ராசாங்கம் சொல்ல வேண்டும்.

ஒரு பெட்டியில் கிரிக்கெட் அட்டைகள். அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பபுள்கம் வாங்கினால் உள்ளே ஒரு ஆட்டக்காரர் படம் இருக்கும், பின்னால் ஓட்டமும் விக்கெட்டும் அச்சாகியிருக்கும். பையன்கள் அதை வைத்துப் பந்தயம் ஆடித் தொலைப்பார்கள். ராசாங்கம் தொலைக்காமல் வைத்திருந்தார். பிறகு லாரி ஓட்டப் போனதும் ஒரு புத்தி வந்தது. லாரிக்காரர்கள் எந்தக் காகிதத்தையும் சும்மா வைக்கமாட்டார்கள். லைசென்ஸ், இன்சூரன்ஸ், பிள்ளையின் ஜாதிச் சான்றிதழ், எல்லாம் லேமினேஷன். ஒருநாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ் கடையில் ஆர்.சி. நகலைக் கொடுக்கும்போது அட்டைகளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். பத்திரமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார். குழந்தைவேல் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். பழைய பொருள் சேர்க்கிறவர்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டியதைக் கையால் தொடமாட்டார்கள் என்பது அப்போதுதான் ராசாங்கத்துக்குத் தெரிந்தது.

இன்னொரு பெட்டியில் கையெழுத்துகள். கபடி ஆட்டக்காரர்களுடையவை. இருபத்தைந்து வருஷம் சிமெண்ட் ஏற்றி ஓடிய ஊர்களில் எங்கே போட்டி நடந்தாலும் வண்டியை ஓரம் கட்டுவார். அந்தப் போட்டிக்கு அடித்த நோட்டீஸிலேயே ஆட்டக்காரரிடம் கையெழுத்து கேட்பார். முதலில் சிரிப்பார்கள். லோன் ஜாமீனா என்று ஒருவர் கேட்டார். பிறகு போடுவார்கள். அவர்களில் பாதிப் பேரின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. வேறு எங்கும் கிடைக்காத கையெழுத்துகள் அவை. அட்டைகள் கடையில் வந்தவை, கையெழுத்துகள் தானே போய் நின்று வாங்கியவை என்பார் ராசாங்கம்.

அதனால் அவருக்குச் சந்தேகமே இல்லை. கையெழுத்துப் பெட்டி இருக்கட்டும் என்றார். பரிமளா சரி என்றாள். சம்பூர்ணம் பெட்டியைத் திறந்து ஒரு நோட்டீஸை உதறிப் பார்த்தார். தூசி பறந்தது. ராசாங்கத்துக்குத் தொண்டை கமறியது, இருமல் பாதியில் நின்றது. சம்பூர்ணம் வயிற்றை அமுக்கினார், மூன்றுதரம். சளி வந்ததும் வாயைத் துடைத்துவிட்டு, பெட்டியை மூடி வாசலில் வைத்தார்.

அது பழைய காகிதம், கரையானும் பூச்சியும் தின்றது, இந்த அறைக்கு ஆகாது என்று சொன்னார். ராசாங்கம் கோபித்துக்கொண்டார். தன் உடம்பு, தன் அறை, தன் பெட்டி, இதில் ஒன்றாவது தன் இஷ்டத்துக்கு நடக்கக்கூடாதா என்று கேட்டார். சனிக்கிழமை மத்தியானம் சம்பூர்ணம், காய்ந்த துணியால் துடைத்த பத்து நோட்டீஸும் பத்து அட்டையும் எடுத்துவந்தார். கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, சாப்பாட்டுத் தட்டை நெஞ்சுக்கு மேல் நிறுத்தி, இரண்டையும் அதில் வைத்தார்.

"நான் துணி துவைக்கப் போறேன். எதை எடுத்துப் பாக்க முடியுதோ அதை வச்சுக்க. யாரும் எடுத்துக் குடுக்க மாட்டாங்க."

"முடியலைன்னா?"

"கூப்புடு. பின்பக்கம்தான் இருப்பேன்."

ராசாங்கம் அட்டைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நோட்டீஸின் மேல் கையை இழுத்துப் போட்டார். மணிக்கட்டைத் தூக்கினார். விரல்கள் மூடின, காகிதம் உள்ளே வரவில்லை. திரும்பத் திரும்பச் செய்தார். ஒருதரம் மூலை சிக்கியது, கிழிகிற சத்தம் கேட்டு விட்டுவிட்டார். பிறகு கையை அடியில் நுழைத்து, மேலே இருந்த நோட்டீஸை முகத்தை நோக்கித் தள்ளினார். அது நல்லதம்பி கையெழுத்துப் போட்டது. ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரர். ரெய்டு போனால் ஆளைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு மேலே தாவி வருவார். வலது கை விரல் முறிந்திருந்ததால் இடது கையால் போட்ட கையெழுத்து. அதன் ஓரத்தில் ஆட்டக்களத்து மண்ணோடு அவர் பெருவிரல் ரேகை இருந்தது.

மின்விசிறிக் காற்றில் நோட்டீஸ் எழும்பி ராசாங்கத்தின் முகத்தில் மூடியது.

முகத்தை ஆட்டினார், போகவில்லை. ஊதினார். கொஞ்சம் எழும்பி, திரும்ப மூக்கில் உட்கார்ந்தது. கையைத் தூக்கினால் கன்னம் வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. காகிதத்தின் வழியாக ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகத் தெரிந்தது. நல்லதம்பியின் கையெழுத்து பின்பக்கமாக, தலைகீழாகக் கண்ணுக்கு நேரே நின்றது. மூச்சு முட்டவில்லை, காகிதம் லேசானதுதான். ஆனாலும் மூச்சு விட்டதெல்லாம் திரும்ப முகத்திலேயே சூடாக வந்தது.

கூப்பிட்டிருக்கலாம். பின்பக்கம் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூப்பிட்டால் சம்பூர்ணம் சொன்னது சரி என்றாகிவிடும். ஒரு துண்டுக் காகிதத்தை முகத்திலிருந்து எடுக்க ஆள் கூப்பிடுவதா என்றும் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். குழாய் நின்றது, திரும்ப ஓடியது. வியர்வை காதுக்குள் இறங்கியது.

புரட்டிப் போடுகிற நேரத்துக்குச் சம்பூர்ணம் வந்தார். நோட்டீஸை எடுத்தார். வியர்வை பட்டு அதன் நடுவில் ஈரம் ஊறியிருந்தது, மையும் கொஞ்சம் கலைந்திருந்தது. முகத்தைத் துடைத்துவிட்டார்.

"எவ்ளோ நேரமா இப்புடி?"

"தெரியல."

"கூப்புடாம கெடந்தியா?"

சம்பூர்ணம் அவரை இடப்பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, காலுக்கு இடையில் இன்னொன்று வைத்தார். பிறகு ஒரு அட்டையை எடுத்து, பக்கவாட்டில் கிடந்த வலது கையின் விரல் இடுக்கில் சொருகினார். ராசாங்கம் மணிக்கட்டைத் தூக்கினார். அட்டை நின்றது. வளையவில்லை, வழுக்கவில்லை. கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பார்த்தார். பந்து போட ஓடிவருகிற ஒரு ஆட்டக்காரர். கையைத் திருப்பினால் பின்பக்கம் தெரிந்தது. மூன்று விக்கெட். யாரும் பிடித்துக் காட்டாமல், யாரும் திருப்பாமல், பார்த்தார்.

"எனக்கு இது புடிச்சதில்லக்கா" என்றார்.

"புடிச்சது வேற, புடிக்க முடியறது வேற."

ஞாயிற்றுக்கிழமை குழந்தைவேல் வந்தார். இரண்டு பெட்டியையும் பார்த்துவிட்டு, ராசாங்கம் சொல்வதற்கு முன்பே, லேமினேட் செய்ததைத் தந்துவிடாதே என்று சிரித்தார். கையெழுத்துப் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது.

"நெசமாவா மாப்ள? இதுக்குத்தான நீ ராத்திரி பகலா அலைஞ்ச?"

"அலைஞ்சேன். எடுத்துட்டுப் போ."

நல்லதம்பியின் நோட்டீஸை மட்டும் தனியாக வைத்திருந்தார்கள். அதை அட்டை அளவுக்கு வெட்டி லேமினேஷன் போட்டு வாங்கி வரச் சொன்னார் ராசாங்கம். குழந்தைவேலுக்கு மனசே வரவில்லை. வெட்டினால் ஒன்றுக்கும் ஆகாது என்றார். யாருக்கு ஆகாது என்று ராசாங்கம் கேட்டார். பரிமளா கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். அட்டை அளவில் வெட்டியதில் கையெழுத்து வந்தது. ரேகையில் பாதி வெளியே போயிற்று. அன்று சாயங்காலமே குழந்தைவேல் அதை லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் ராசாங்கம் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவதோ ஐந்தாவதோ நல்லதம்பி வந்தது. திருப்பும்போது விரலிலிருந்து நழுவித் தரையில் டப்பென்று விழுந்தது. பின்பக்கத்திலிருந்து சம்பூர்ணத்தின் குரல் வந்தது. சத்தம் கேட்டுவிட்டது, கையில் சோப்பு, துவைத்துவிட்டு வருகிறேன் என்றது.

ராசாங்கம் தலையைத் திருப்பிப் பார்த்தார். கட்டிலின் விளிம்பு மறைத்தது. தரை தெரியவில்லை.