எண்ணெய்ச் சோதனை

மூன்று ஆட்டம் முடிந்திருந்தது. இரண்டில் தோல்வி, ஒன்றில் தட்டுத்தடுமாறி வெற்றி. அதற்குள் எங்கள் கண்டக்டர் அண்ணாச்சி, இந்த வருடம் கபடிக் கோப்பை நமக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். போன வருடமும் மூன்றாவது ஆட்டம் முடிந்ததும்தான் சொன்னார். அப்போது கோப்பை நமக்குத்தான் என்றார்; நம் மாநில அணி கடைசிக்கு ஒரு இடம் முன்னால் போய் நின்றது. இதையெல்லாம் ஞாபகப்படுத்தினால் அவருக்குப் பிடிக்காது. எனக்கு ஞாபகப்படுத்துவது பிடிக்கும்.

சங்கரன்கோவிலில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். தீபாவளி வியாபாரம் முடிந்து மழையும் பிடித்துக்கொண்டால் பகல் பதினொரு மணிக்கு மேல் கடையில் பெரிய வேலை இருக்காது. சரியாக அந்த நேரத்துக்கு அண்ணாச்சி வந்துவிடுவார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் இருந்தால் ரேஷன் கடைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். எதிர்ச் சாரியில் மருந்துக்கடை வைத்திருப்பவரும் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ரோட்டைக் கடந்து வருவார். மூன்று பேரும் சேர்ந்துவிட்டால், முந்தின நாள் டிவியில் பார்த்த ஆட்டத்தை மறுபடி ஒரு தடவை ஆடித் தீர்ப்போம்.

"மூணு ஆட்டத்த வச்சு என்னத்த அண்ணாச்சி சொல்ல முடியும்? இன்னும் பத்தொம்பது கெடக்கு" என்பேன்.

"வே, முப்பது வருசம் பஸ்சுல நின்னவன் நான். ஒருத்தன் படியில கால வைக்கும்போதே எங்க இறங்குவான்னு சொல்லிருவேன். எனக்கு மூணு ஆட்டம் போதாதா?"

மருந்துக்கடைக்காரர் எதையும் உடம்பை வைத்துத்தான் பார்ப்பார். "இடது கார்னர்ல நிக்க பையனுக்குத் தோள்பட்டை சரியில்ல. ஊசி போட்டு இறக்குதாங்க. முகத்தைப் பாத்தாத் தெரியல?" என்பார். அந்தப் பையன் முகத்தில் எனக்கு வியர்வையைத் தவிர எதுவும் தெரிந்ததில்லை.

இப்படியே போய், பேச்சு பழைய ஆட்டக்காரர்களிடம் வந்து நிற்கும். யார் யாரைப் பார்த்தது, எங்கே பார்த்தது. அண்ணாச்சியின் கதை எங்களுக்கு மனப்பாடம். இந்தியாவுக்கே ஆடிய ஒருவர் ராஜபாளையத்தில் அவருடைய பஸ்ஸில் ஏறினார். அண்ணாச்சி தன்னுடைய சீட்டையே அவருக்குக் கொடுத்துவிட்டுக் கடைசி வரை நின்றுகொண்டே வந்தார்.

"என்ன பேசினாரு?" என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

"தூங்கிட்டு வந்தாரு வே. உமக்கென்ன?"

மருந்துக்கடைக்காரர் தன் பங்குக்கு, "பழைய ஆட்டக்காரன் எவனா இருந்தாலும் முட்டி வலிக்கு மாத்திரை வாங்க என் கடைக்கு வந்துதான் ஆகணும்" என்பார். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள். நான் யாரையும் பார்த்ததில்லை என்று சொல்லிவிடுவேன். அது பொய்.

எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது எங்கள் ஊர் கபடி அணியில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆடுவது ஏழு பேர். நான் ஒன்பதாவது ஆள். துண்டும் தண்ணீரும் என் பொறுப்பு. ராயகிரியில் பொங்கலை ஒட்டி நடந்த போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். எதிரணியில் வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் இருந்தார். அவர் கபடி பாடி வருகிறார் என்றாலே எங்கள் ஆட்கள் பின்கோட்டில் போய் ஒட்டிக்கொள்வார்கள். அன்றைக்கு அவருடைய ஆட்டத்தைப் பார்க்கவே மாநில முகாமுக்கு ஆள் எடுக்கிற இரண்டு பேர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முகாமுக்குப் போய்விட்டால் ரயில்வேயில் வேலை நிச்சயம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

கபடியில் காலில் எண்ணெய் தடவக் கூடாது. தடவினால் பிடி வழுக்கிவிடும். ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் ஒவ்வொருவர் காலையும் தொட்டுப் பார்க்க வேண்டும், நகம் வெட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஊர்ப் போட்டிகளில் அதெல்லாம் ஒப்புக்குத்தான். நடுவர் வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்துவிடுவார். ஆனால் எதிரணியில் யாராவது சத்தம் போட்டுவிட்டால் குனிந்து பார்த்தே ஆக வேண்டும். அது வழக்கம்.

அவர் என்னைத் தாண்டித்தான் களத்துக்குள் போனார். வலது முட்டி பளபளவென்று இருந்தது. குப்பென்று ஒரு வாடை வந்தது. என் அம்மா மூட்டுவலிக்குத் தேய்க்கிற தைலத்தின் அதே வாடை. அது மருந்து என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே கத்தினேன்.

"கால்ல எண்ணெ தடவிருக்கான்!"

கூட்டம் பிடித்துக்கொண்டது. நடுவர் துண்டை வைத்து அவர் காலைத் துடைத்துப் பார்த்தார். துண்டில் ஒட்டியது. மைதானத்து ஓரம் இருந்த அடிபம்புக்கு அவரை நடக்க விட்டு, எல்லாரும் பார்க்க, துணி துவைக்கிற சோப்பைக் கொடுத்துக் கால்களைக் கழுவ வைத்தார்கள். விசிலும் சிரிப்புமாக இருந்தது. நானும் சிரித்தேன். திரும்பி வந்தவர் முதல் தடவை பாடிப் போனபோதே எங்கள் கார்னர் ஆள் கணுக்காலைப் பிடித்துவிட்டான். அவர் விழுந்தார். விழுந்த வேகத்தில் முட்டி திரும்பிவிட்டது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். கோப்பை எங்களுக்கு. அவர் முகாமுக்குப் போகவில்லை, ரயில்வேக்கும் போகவில்லை. ஏதோ மில்லில் சேர்ந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு நான் மைதானத்தில் கால் வைக்கவில்லை. வெட்கம்தான். வேறு பெயர் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வருடம், மூன்றாவது ஆட்டத்துக்கு மறுநாள், அவர் என் கடைப் படியில் ஏறினார்.

இடது காலை முதலில் வைத்து, வலது காலை இழுத்து அதன் பக்கத்தில் சேர்த்து, ஒவ்வொரு படியாக ஏறினார். தலை முழுக்க நரை. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், மகளுக்குத் தை மாசம் கல்யாணம் என்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்டக்டர் அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது. பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார்.

"அண்ணாச்சி! நீங்க வாசுதேவநல்லூர் ரெய்டர்லா?" தன்னைவிட ஐந்து வயதாவது சின்னவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டார்.

"ஒரு காலத்துல" என்றார் வந்தவர்.

என் கையில் நிற அட்டை இருந்தது. அதை அவர் பக்கம் நீட்டினேனா, என் பக்கமே வைத்துக்கொண்டேனா, இப்போது ஞாபகமில்லை. எனக்கு இப்போது தொப்பையும் வழுக்கையும் உண்டு. அவர் என்னை அடையாளம் கண்டுபிடிக்க வழியே இல்லை. அப்படியும் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அண்ணாச்சி அவரை உட்கார வைத்து விசாரணையைத் தொடங்கிவிட்டார். நம் அணி எப்படி, கோப்பை வருமா. அவர், "நான் ஆட்டம் பாக்க மாட்டேங்க. எவனாவது முட்டியில கட்டுப் போட்டுட்டு எறங்குவான். கண்ணு அவன் கட்டுலயே நிக்கும். ஆட்டம் ஓடிப் போயிரும்" என்றார்.

"அது கெடக்கட்டும். நீங்க ஏன் முகாமுக்குப் போகல? அந்த ராயகிரி விசயம் நெசமா?"

அவர் அதைப் பலமுறை சொன்ன ஆள் மாதிரி, அலுப்பாகச் சொன்னார். "முட்டியில தைலம் தடவிருந்தேன். எவனோ ஒருத்தன் எண்ணென்னு கத்திட்டான். சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாங்க. கோவத்துல பாடிப் போனேன். அவ்வளவுதான், கதை முடிஞ்சுட்டு."

"எவன் அவன்? கட்டையில போறவன்! ஒரு மனுசன் வேலையில மண்ணள்ளிப் போட்டுட்டானே! அவன் வெளங்குவானா?" அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "என்ன வே, பேசாம நிக்கீரு? வெளங்குவானா?"

"வெளங்க மாட்டான்" என்றேன்.

அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீ சொல்லிவிட்டு, மருந்துக்கடைக்காரரையும் கையோடு கூட்டி வருகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கடையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவர் சந்தன நிறத்தில் இரண்டு வகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்துக்கென்று முப்பது வருடமாக ஒரு பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல பேச்சு. அதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"ராயகிரியில கத்தினது நாந்தான்" என்றேன். "தைலம்னு தெரிஞ்சேதான் கத்தினேன். தப்புதான் அண்ணாச்சி. பெரிய தப்பு."

அவர் அட்டையைக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, நீயா?"

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவர் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்கு முட்டியில ஒரு வலியும் இல்லலே."

எனக்குப் புரியவில்லை.

"கணுக்கால்ல வெளக்கெண்ணெ. ரெண்டு கால்லயும். வாடை தெரியக் கூடாதுன்னு முட்டியில தைலத்தத் தேச்சேன். நடுவர் கேட்டா முட்டியக் காட்டித் தைலம்னு சொல்லிறலாம்லா? பெரிய ஆளுங்க பாக்க வந்திருக்காங்க, ஒரு பிடி விழுந்தாலும் போச்சேன்னு பயம்." முட்டியைத் தடவிக்கொண்டார். "வலியெல்லாம் விழுந்த பெறகுதான்."

கடைக்குள் தின்னர் வாடை அடித்துக்கொண்டிருந்தது.

"எம் பொண்டாட்டிக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியாது. எவனோ கத்தினான், அநியாயம் நடந்துட்டுன்னு ஊர்ல அவங்களாச் சொன்னாங்க. நான் இல்லன்னு சொல்லல. சம்மந்தி வீட்டுலகூட அதச் சொல்லித்தான் மரியாத. வெளிய விட்றாதலே."

"விட மாட்டேன்" என்றேன்.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. எத்தனை வருடம் இந்த மனுசனை நினைத்துச் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்! அவர் பாட்டுக்கு விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு நிமிடம், என் கணக்கு தீர்ந்தது என்றுகூடத் தோன்றியது. பிறகு யோசித்தால் தீரவில்லை. அவர் காலில் என்ன இருந்தாலும், மருந்து என்று நினைத்துக்கொண்டுதான் நான் கத்தினேன். அவர் செய்தது அவரோடு, நான் செய்தது என்னோடு. இதை அவரிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் அண்ணாச்சி டீயும் ஆளுமாக வந்துவிட்டார்.

மருந்துக்கடைக்காரருக்கு முழுக் கதையையும் அண்ணாச்சியே சொன்னார். சொன்னவர் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே, அவரைவிட நன்றாகச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் அவருடைய முட்டியைத் தொட்டுப் பார்த்து உச்சுக் கொட்டினார். "கத்தினவன் எந்த ஊர்க்காரன்?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. யாரோ சின்னப் பய" என்றார் அவர். என்னைப் பார்க்காமல் டீயைக் குடித்தார்.

சந்தன நிறத்தில் வெளிர் வகையை எடுத்துக்கொண்டார். டின்களை நானே ஆட்டோவில் ஏற்றினேன். கல்யாணத்துக்கு வர வேண்டும் என்றார், எல்லாரிடமும் பொதுவாக.

நான்காவது ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம். ஐந்தாவதிலும் ஜெயித்தோம். கண்டக்டர் அண்ணாச்சி தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டார், கோப்பை நமக்குத்தான். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தவரின் கதையை இப்போது அவர் எடுப்பதே இல்லை. கடைக்கு யார் வந்தாலும் வாசுதேவநல்லூர்க்காரர் கதைதான். போன வாரம் ராயகிரியிலிருந்து பிரஷ் வாங்க வந்த ஒருவரைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தன் ஊரில் வேறு மாதிரி கேட்டிருந்ததால் அந்த ஆள் அவ்வளவாக நம்பவில்லை.

"கால்ல எண்ணெயே இல்லாமலா துண்டுல ஒட்டுச்சு?" என்று கேட்டார்.

"தைலம்யா அது, தைலம்! வே, நீரே சொல்லும். அவரு இங்க வந்து சொன்னப்ப நீரும் கூடத்தான இருந்தீரு?"

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"தைலந்தான்" என்றேன். "அவரு யோக்கியமான மனுசன். கத்தினவன்தான் பொறுக்கிப் பய."

"கேட்டீரா?" என்றார் அண்ணாச்சி. ராயகிரிக்காரர் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டார்.