மோதிரக் கல்லில் ஒரு குமிழி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது எனக்கு. என் வலது கை நடுவிரலில் தழும்பு இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் பூர்பாலிங்காவில் மோதிரக் கல் பைத்தியம் பிடிக்காத ஆளே கிடையாது. கிளாவிங் ஆற்றில் இறங்கிக் கல் பொறுக்குவார்கள். ஈரம் காயும் முன்பே சந்தையில் என் கடைக்கு வந்து நிற்பார்கள். முக்கால்வாசி பாட்டில் துண்டுதான். அதைச் சொன்னால் கோபம் என் மேல். இன்ன கல் என்று சொல்வதும் பட்டை தீட்டுவதும் என் பிழைப்பு. இரண்டுக்கும் இந்த விரல்கள் வேண்டும்.

அன்று பிற்பகல் நல்ல மழை. ருமினி என்ற பெண் ஒரு வெள்ளி மோதிரத்தை நீட்டினாள். தெளிந்த கல். உள்ளே ஒரே ஒரு குமிழி.

"வீட்டுக்காரர் ஆத்துல எடுத்தது. கல்லா, கண்ணாடியாண்ணே? வித்தா விலை போகுமா?"

கன்னத்தில் வைத்தேன். சில்லென்று இருந்தது, சூடேறவே இல்லை. கண்ணாடி இல்லை. டார்ச்சை அடியில் பிடித்துச் சாய்த்தேன். குமிழி நகர்ந்தது. அப்படியானால் கல்லுக்குள் தண்ணீர் அடைபட்டிருக்கிறது. அபூர்வம்!

ஆனால் குமிழி மேலே ஏறவில்லை... கீழே இறங்கியது.

வளையத்தின் பின்புறம் பற்றவைத்த வடு ஒன்றும் இருந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விரலில் போட்டுப் பார்க்காமல் எங்கள் ஊரில் யாரும் கல்லுக்கு விலை சொல்வதில்லை. நானும் போட்டேன். தொளதொளவென்று இருந்தது.

கழற்றப் போனேன். வரவில்லை.

பக்கத்துக் கடை தர்மாஜி சிரித்தான். "என்ன சர்ணோண்ணே, கல்லையே கட்டிக்கிட்டீங்களா? அண்ணிக்குத் தெரியுமா?"

சோப்பு. எண்ணெய். நூல் சுற்றியும் இழுத்தோம். ம்ஹூம். விரல் நீலமாகிவிட்டது. வலி இல்லை... அதுதான் பயமாக இருந்தது.

பிறகு மூச்சு திணறியது. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. வாயில் ஆற்றுச் சேற்றின் ருசி. தர்மாஜியின் குரல் எங்கோ மேலே, வெகு தூரத்தில் கேட்டது.

காதுக்குள்... க்ளுக்.

எழ முடியவில்லை.

கத்த முடியவில்லை.

க்ளுக்...

தர்மாஜி என்னைப் பைக்கில் தூக்கிப் போட்டுத் தீயணைப்பு நிலையத்துக்கு ஓட்டினான். இறுகிய மோதிரத்தை அறுத்துவிடுவது அவர்கள்தான். ருமினியும் பின்னாலேயே வந்தாள். அங்கிருந்த வீரர் ஹர்தோனோ சின்ன அறுப்புச் சக்கரத்தை வைத்தார். கிர்ர்ர்... வளையம் விட்டது. மூச்சு வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். விரல் பிழைத்தது.

ஹர்தோனோ அந்தப் பழைய வடுவைப் பார்த்தார். பிறகு ருமினியைப் பார்த்தார்.

"ஏம்மா, போன மாசம் ஆத்துலேர்ந்து உங்க வீட்டுக்காரர் பிணத்தைத் தூக்கினப்போ நான் அறுத்துக் குடுத்த மோதிரம்தானே இது?"

"ஆமாங்க. இந்தக் கல்லை எடுத்த இடத்துலதான் முழுகிப் போனாரு. அறுத்த வளையத்தை நான்தான் பத்தவைச்சேன்."

ருமினி கல்லை உற்றுப் பார்த்தாள். "அவரு எடுத்தப்போ இதுல குமிழியே இல்லீங்க..."

கல்லை டார்ச் வெளிச்சத்தில் பிடித்தேன்.

இரண்டு குமிழிகள்.

நுரையீரலில் ஒரு குறையும் இல்லை என்கிறார் டாக்டர். ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு மூச்சு முழுதாக வருவதே இல்லை. ருமினி அந்தக் கல்லை யாருக்கோ விற்றுவிட்டாளாம்.