உலகத்தைக் காப்பாற்றும் கோன்

உலகம் எப்படி அழியும் என்று வீடு வீடாகக் கேட்பதும் ஒரு வேலைதான். படிவமும் பேனாவுமாகக் கதவு தட்டியவர்களுக்கு என் பாடு புரியும். சுனாமிக்குச் சில வருடம் கழித்து, ஓர் ஆராய்ச்சிக்காக விருத்தாசலத்தில் கேட்டேன். கேள்விகள் போர், கொள்ளைநோய், விண்கல் என்று போகும். கடைசிக் கேள்வி: 'பேரழிவை முன்கூட்டியே அறிந்து தடுக்க என்ன வழி?' போன இடமெல்லாம் அதைக் காலியாகவே விட்டார்கள். இந்த ஊரிலும் பதில் வராவிட்டால் அந்தக் கேள்வியையே எடுத்துவிடுவோம் என்றார் சென்னை மேற்பார்வையாளர். எனக்கோ அந்த ஒன்றுக்குத்தான் பதில் தெரிந்தாக வேண்டும்.

நிவாரணம்

பீங்கான் பொம்மைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த அக்காவிடம், "உலகமே அழிஞ்சா உங்களுக்கு என்ன பாதிப்பு?" என்றேன். பாதிப்பு என்றதும் ரேஷன் கார்டை எடுத்து வந்துவிட்டார். சுனாமிக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் படிவம் என்றாலே நிவாரணம்தான். "வூட்டுக்காரரு சேத்தியாத்தோப்பு போயிருக்காரு மேடம். அவரு பேரையும் எழுதிக்குங்க, அழிஞ்சப்புறம் போய்க் கேட்டா குடுக்க மாட்டாங்க."

ரெண்டு பையன்

பாத்திரக்கடை பாய் எல்லா ஆபத்துக்கும் 'வரலாம்' என்றே சொன்னார். பயமில்லையா என்றேன். பயந்துதான் ஏற்பாடு செய்திருக்கிறாராம். "ஒருத்தன் துபாய், ஒருத்தன் மஸ்கட்டும்மா. ஒரே எடத்துக்கு அனுப்புவனா?" கடைசிக் கேள்விக்கு மட்டும் கையை விரித்தார். "முன்னாடியே தெரிஞ்சா நான் ஏம்மா கடை வச்சிருக்கேன்?"

ஓட்டை

பீங்கான் சூளையில் தீ பார்க்கும் செல்வராசு அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. சூளைச் சுவரிலிருந்த சின்ன ஓட்டைக்குள் பார்த்துக்கொண்டே, "இருங்க மேடம், கோன் சாயப்போவுது" என்றார். கோன் என்பது விரல் நீள மண்கூம்பு. பொம்மைகளோடு உள்ளே வைப்பார்கள். சூடு பதத்துக்கு வந்ததும் அது தலைசாயும். அதற்கு மேல் எரித்தால் பொம்மைகள் உருகிவிடும். சாய்ந்தது, தீயை நிறுத்தினார். நான் கடைசிக் கேள்வியைப் படித்தேன். "கோனு வைக்கணும் மேடம். மொதல்ல சாயறதுக்குன்னு ஒண்ணு, அத கண்ணெடுக்காம பாக்க ஒரு ஆளு. அவ்ளோதான்." சந்தோஷத்தில் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன்.

தலைமையகம்

பத்து நாளில் மேற்பார்வையாளர் போன் செய்தார். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்களாம். பதில்தான் வந்ததே சார் என்று கத்தியேவிட்டேன். அவர் சிரித்தார். "உலகத்தக் காப்பாத்த கோன் ஐஸான்னு ஆபீஸே சிரிச்சுது மேடம். 'பொருந்தாத பதில்'னு போட்டுட்டோம்."

உலகம் என்றைக்காவது அழிந்தால், அதைத் தடுக்கும் வழி ஏதோ ஓர் ஆபீஸ் பீரோவில், 'பொருந்தாத பதில்' கட்டுக்குள் பத்திரமாக இருக்கும்.