இடிமுழக்கம் ஏகாம்பரம்

"கயித்த இஸ்த்துப் புடி நைனா. லூசா உட்டேன்னா கோடு குடிச்சிட்டு வந்தவன் மாதிரி போவும்" என்று அதட்டியபடியே ஏகாம்பரம் குனிந்து பின்னோக்கி நடக்கிறார். கையில், அடியில் ஆணி அடித்து ஓட்டை போட்ட பால் பவுடர் டப்பா. உள்ளே கோலமாவு. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு தட்டு தட்டுவார். மாவு பொசுக்கென்று கயிற்றின் மேல் விழும். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் அணித்தலைவர் முகமது ஆசிக். அவருக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது, திருவேற்காட்டில் சொந்தமாக மெக்கானிக் கடை இருக்கிறது. ஆனாலும் திடலுக்குள் வந்துவிட்டால் கயிறு பிடித்துத்தான் ஆகவேண்டும்.

நூம்பலில், அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவே இன்னும் விலை போகாமல் தப்பித்திருக்கும் திடல் இது. இங்கே ஆடும் இடிமுழக்கம் கால்பந்துக் கழகத்துக்கு ஏகாம்பரம்தான் செயலாளர், பொருளாளர், கோடு போடுபவர். கழகத் தலைவர் பதவி காலி. "யார்னா பெரிய ஆளு வந்தா குடுக்கலாம்னு வச்சிகினு கீறேன்" என்பார். பிழைப்புக்கு சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறார். பந்தல்கால் நட்டுப் பழகிய கை என்பதால், நசரத்பேட்டையிலிருந்து வேப்பம்பட்டு வரை இத்தனை நேரான எல்லைக்கோடு வேறு எந்தத் திடலிலும் இல்லை என்று நடுவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

நேர் என்பதில் அவருக்குள்ள பிடிவாதம் கோட்டோடு முடிந்துவிடுகிறது. ஃப்ளெக்ஸ் பேனர் என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள்.

அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது, 'மூட்டு வலியை வென்று முடிசூடி வரும் அண்ணனே வருக' என்று தெருமுனையில் பேனர் நின்றது. வைத்தவர், நோயாளியே. ஒருமுறை தெருவில் யாரோ பள்ளம் தோண்டினார்கள். குடிநீர்க் குழாய்தான் வருகிறது என்று நம்பி அன்று மாலையே நன்றி அறிவித்து ஒன்று வைத்தார். வந்தது ஏதோ கேபிள். பேனர் எதுவானாலும் அதன் வலது பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்டு, காதில் செல்போன் வைத்த ஏகாம்பரம் இருப்பார். "அந்தப் பக்கம் யாருண்ணே பேசுறது?" என்று கேட்டால், "இன்னும் எடுக்கல. ரிங்கு போய்க்கினு கீது" என்பார். எனக்குத் தெரிந்து ஏழெட்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்டவரின் அணிக்குள்தான் கிரணும் கிஷோரும் வந்து சேர்ந்தார்கள். வந்த தூரம், குடியிருப்பின் கேட்டிலிருந்து திடல் வரை. நடுவில் ஒரு பஜ்ஜிக் கடை.

அவர்களுடைய அப்பா அந்தக் குடியிருப்பின் காவலாளி. எல்லோரும் அவரை பகதூர் என்கிறார்கள். அவர் பெயர் தீபேந்திரா. யாரும் கேட்டதில்லை, அவரும் திருத்தியதில்லை. பிரசவத்துக்கு மட்டும் மனைவியை நேபாளத்துக்கு அனுப்பி, பிள்ளை தலை நின்றதும் வரவழைத்துக்கொண்டார். ஆகவே இரண்டு பையன்களும் பிறந்தது இமயத்தின் அடியில். பேசுவது, திட்டுவது, பந்துக்காகச் சண்டை போடுவது எல்லாம் நூம்பலில். கிரணுக்குப் பதினாறு வயது. இடது காலால் அவன் அடிக்கும் பந்து ஆள் பார்த்துத் திரும்பும். கிஷோர் ஒரு வயது சின்னவன். ஓடினால் அவன் பின்னால் புழுதிதான் ஓடும். அவர்கள் வந்த பிறகு இடிமுழக்கம் தொடர்ந்து வெல்ல ஆரம்பித்தது. அது கழக வரலாற்றில் அதுவரை நேராத ஒன்று. அந்த அதிர்ச்சியில் ஏகாம்பரம் நேராக நசரத்பேட்டைக்குப் போய் ஆக்னஸின் ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இவுங்க நூம்பல் கேட்டாண்ட கீற பசங்கதான?" என்று ஆக்னஸ் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபடி கேட்டார்.

"பின்னால மலையப் போடும்மா."

"ஊட்டி மலை கீது. போடட்டா?"

"பனி கீற மலையாப் போடு. அப்பால சைடுல ஒரு ப்ளேனு."

"ப்ளேனு எதுக்குண்ணே?"

"நேபாளத்துல இருந்து நடந்தா வருவாங்கோ?"

மறுநாள் காலை பூந்தமல்லி சாலையில் பத்தடி அகலத்துக்குப் பேனர் எழுந்தது. பனிமலை, அதன் தலைக்கு மேல் இறங்கும் விமானம், அதன் கீழே இரண்டு பையன்கள். 'நேபாள நாட்டிலிருந்து கழகச் செயலாளர் அண்ணன் ஏகாம்பரம் அவர்களின் பெருமுயற்சியால் வரவழைக்கப்பட்ட சர்வதேச இளம் சிங்கங்கள்! பதினாறு வயதுப் புயலே! பதினைந்து வயதுச் சூறாவளியே! வருக! வருக!' பையன்களைவிட ஏகாம்பரத்தின் முகம் பெரிதாக இருந்தது. இந்த முறை போனில் யாரோ எடுத்துவிட்டது போன்ற ஒரு சிரிப்பு.

"ஊட்ல மிக்சி ஓட மாட்டேங்குது, அத்த ரிப்பேர் பண்ண துப்பில்ல. நேபாளத்துல இருந்து ஆளு எறக்குனாராம்" என்றார் அவர் மனைவி வேம்புலியம்மாள். கிரண் வேறு மாதிரி கவலைப்பட்டான். "இன்னா அண்ணாத்தே, நாங்க ஃபாரினாமே? எங்கம்மா சென்ட் பாட்டில் எங்கடான்னு கேக்குது" என்றான்.

பேனரை ரசித்து நின்றவர்களில் ஒருவர் பூபாலன். வேப்பம்பட்டு அணியின் செயலாளர். அந்த ஆண்டு இடிமுழக்கத்திடம் தோற்றவர். பைக்கை நிறுத்திக் கைகுலுக்கினார். "ஜமாய்ச்சிட்ட தலீவா! அப்படியே பேனராண்ட நில்லு, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்றார். ஏகாம்பரம் சட்டைக் காலரைச் சரிசெய்து, கட்டை விரலை உயர்த்தி நின்றார். மேற்கு வட்டாரக் கால்பந்துச் சங்கத்துக்குப் போன புகாரோடு இணைக்கப்பட்ட ஒரே சாட்சியம் அந்தப் படம்தான். மிக நன்றாக விழுந்திருந்தது.

பதினெட்டு வயது நிரம்பாத வெளிநாட்டுப் பிள்ளைகளை எந்தக் கழகமும் சேர்க்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. பணக்காரக் கழகங்கள் ஏழை நாடுகளிலிருந்து சிறுவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டு வந்து, கால் உடைந்ததும் நடுத்தெருவில் விடுவதைத் தடுக்கப் பிறந்த நல்ல விதி. பெற்றோர் வேறு வேலையாக இங்கே வந்து வாழ்கிறார்கள் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்கிச் சேர்க்கலாம். அப்படி ஒரு அனுமதி இருப்பதே ஏகாம்பரத்துக்குத் தெரியாது. தெரிந்த பிறகு கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும். ஆனால் பெருமுயற்சியால் வரவழைத்தவர் தாம்தான் என்று அவரே பத்தடி அகலத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்.

ஆவடியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் விசாரணை. மூன்று பேர் குழு. நடுவில் நிர்மல். வார நாட்களில் மென்பொருள் நிறுவனத்தில் பிழை கண்டுபிடிப்பவர், வார இறுதியில் சங்கத்தின் விதிக்குழுச் செயலாளர்.

"இந்தப் பசங்கள நேபாளத்துல இருந்து நீங்கதான் வரவழைச்சீங்களா?"

"நூம்பல்லேர்ந்து நூம்பலுக்கு வரவழைச்சேன் சார்."

"பேனர்ல அப்படி இல்லையே."

"அது பேனரு சார். பேனர்ல நெஜத்தப் போட்டா எவன் சார் பாப்பான்?"

நிர்மல் புகாரோடு வந்த படத்தின் மேல் பேனாவை வைத்தார்.

"சரி, இந்த ஃப்ளைட்?"

"அது ஆக்னஸ் போட்டது."

"ஆக்னஸ் யாரு? ஏஜென்ட்டா?"

நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் 'ஆக்னஸ், இடைத்தரகர்' என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுக்கொண்டார். ஏகாம்பரம் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"சார், நான் போட்டது பில்டப்பு. சத்தியமா சொல்றேன். பசங்க நீங்க கீற ஃப்ளாட்டு கேட்டாண்டதான் சார் கீறாங்கோ. நேத்திக்குக் கூட சின்னவன்தான் உங்க காரக் கய்வுனான். வெள்ள காரு. பின்னால கொயந்தப் படம் ஒட்டிக்கீது."

நிர்மல் தண்ணீர் குடித்தார். பிறகு, தனிப்பட்ட விஷயங்களைக் குழுவின் முன் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தம் வாழ்நாளில் முதன்முறையாக ஏகாம்பரம் முழுதும் உண்மை பேசிய நாள் அது. மூன்று பேருமே அவருடைய பேனரைத்தான் நம்பினார்கள்.

ஆனால் நிர்மல் கெட்டவர் அல்ல. படியிறங்கும்போது கூடவே வந்து ஒரு வழி சொன்னார். "பசங்களுக்கு இந்தியப் பேப்பர் இருக்குன்னு சொல்லி அவங்க அப்பா உங்கள ஏமாத்திட்டாருன்னு எழுதிக் குடுங்க சார். கிளப் தப்பிச்சிடும். இல்லைன்னா ரெண்டு சீசனுக்குப் புது ஆள் ஒருத்தரையும் எடுக்க முடியாது. உங்க டீம்ல இருக்கறதே கொஞ்சம் பேர்."

"அவரு வேலை?"

"அது குடியிருப்பு சங்கம் முடிவு பண்றது. எனக்கு அதுல சம்பந்தம் இல்லை."

ஏகாம்பரம் யோசிக்க ஒரு வாரம் கேட்டார். அந்த வாரம் முழுக்க அவர் வழக்கம்போல் நாற்காலி இறக்கினார், சாமியானா கட்டினார், ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் மூன்றாம் பந்தியில் சாப்பிட்டார். ஆசிக்தான் பொறுக்காமல் கேட்டார்.

"எய்திக் குட்த்துடுண்ணே. டீம் நிக்கும்ல? அவருக்கு வேற கேட்டு கெடைக்கும்."

"டேய், நான் ஒரு பொய்யி போட்டேன், ப்ளேனு வந்திச்சி. இந்தப் பொய்யப் போட்டா போலீசு வரும். நம்ம ஊட்டுக்கு வராது, அந்தாளு ஊட்டுக்கு வரும்."

"அப்ப டீமு?"

"கயித்தப் புடி."

தீர்ப்பு வந்தது. இரண்டு பருவங்களுக்குப் புதிய வீரர் பதிவு கிடையாது. கிரணும் கிஷோரும் பதினெட்டு வயது ஆகும் வரை ஆடக் கூடாது; போட்டி நாட்களில் திடலின் எல்லைக்கோட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. பேனரை உடனே அகற்ற வேண்டும். கடைசி உத்தரவைக் கழகம் அன்றே நிறைவேற்றியது. கழற்றிய பேனரை தீபேந்திரா கேட்டு வாங்கி, ஒழுகிக்கொண்டிருந்த காவலறைக் கூரையின் மேல் விரித்தார். மழைக்காலம் முழுதும் ஏகாம்பரம் அவர் தலைக்கு மேல் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு இடிமுழக்கம் கரைய ஆரம்பித்தது. ஒருவருக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. ஒருவர் கல்யாணத்துக்குப் பிறகு பந்தையே மறந்துவிட்டார். சங்க விதிப்படி பதினோரு பேர் இல்லாமல் இறங்கினால் ஆட்டம் எதிரணிக்கு; அப்படி ஒரு ஆட்டம் போனாலே கழகம் போட்டியிலிருந்து வெளியே. போன ஞாயிறு வேப்பம்பட்டு அணி வந்தபோது இடிமுழக்கத்தில் மீதி இருந்தவர்கள் பத்துப் பேர். பதினோராவது ஆள் செயலாளரே. குழுப் படத்தில் நடுவில் உட்காரும் உரிமைக்காக ஒவ்வொரு ஆண்டும் தம் பெயரையும் வீரர்கள் பட்டியலில் பதிந்து வந்தவர் அவர். அந்தப் பெருமைதான் இப்போது கழகத்தைத் தாங்கி நின்றது. கோல்கீப்பர் பனியனுக்குள் தொப்பை போனது. பனியன்தான் கீழே வரவில்லை.

"இன்னா தலீவா, உன்ன எந்த நாட்ல இருந்து எறக்குனாங்கோ?" என்று பூபாலன் தூரத்திலிருந்து கத்தினார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள்.

ஏகாம்பரம் அந்தக் கோலத்திலேயே டப்பாவை எடுத்துக்கொண்டு கோடு போட இறங்கினார். மூன்று பக்கம் முடிந்தது. கேட் பக்கத்துக் கோடுதான் பாக்கி. அங்கே கிரணும் கிஷோரும் சீக்கிரமே வந்து இடம் பிடித்திருந்தார்கள். மழை நின்றதால் அப்பாவின் கூரையிலிருந்து எடுத்துவந்த பேனரை மடித்துப் போட்டு, விமானத்தின் மேல் ஒருவனும் பனிமலையின் மேல் ஒருவனுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆப்பிலிருந்து ஆப்புக்குக் கட்டிய கயிறு கிஷோரின் மடி மீது போனது.

"டேய், எந்திரிங்கடா. கோடு வருது" என்றார் ஆசிக்.

இருவரும் எழப்போனார்கள். ஏகாம்பரம் கையால் காற்றை அமுக்கிக் காட்டினார். உட்கார்ந்தார்கள்.

அவர் கயிற்றை அவிழ்த்து ஆசிக்கின் தோளில் போட்டார். பிறகு கயிறில்லாமல், கோடு வரவேண்டிய இடத்திலிருந்து மெல்ல உள்பக்கமாகத் திரும்பி, டப்பாவைத் தட்டிக்கொண்டே பையன்களின் நீட்டிய கால்களைச் சுற்றி, பேனரின் ஓரத்தைச் சுற்றி ஒரு வளைவு போட்டு, மறுபடி பழைய நேருக்கு வந்து சேர்ந்தார். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அந்த வளைவின் அருகே வந்து நின்றார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

"இன்னா சார்? கோட்டுக்கு வெளிலதான கீறாங்கோ?"

நடுவர் மறுபடி குனிந்து பார்ப்பதற்குள் ஏகாம்பரம் பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு குந்தினார். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த மாவையெல்லாம் தட்டித் தட்டி எடுத்து, வளைவின் மேல் மட்டும் இன்னொரு தரம் வெள்ளையடித்தார்.