அரைமணி நேர பெஞ்சு

கம்பவுண்டர் வேலையில் ஊசி போடுவது சுலபம்; போட்டபின் அரைமணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து, ஏதாவது ஆகிவிடுமோ என்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் உயிரை வாங்கும். மாசி பிறந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அலையும் என் தும்மல் சொந்தங்களே, எனக்கும் அதே வியாதிதான். ஆனால் எனக்கே ஊசி போடுவது என்றால் மட்டும் நான் ஓடிவிடுவேன். அறுபதுகளின் கடைசியில், காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் இருந்தபோது நடந்தது இது.

மாசியில் வந்தவர்

கல்யாணச் சமையல்காரர் சுப்பையா கண் சிவந்து, மூக்கு ஒழுக வந்தார். மானகிரிப் பக்கம் சீமைக்கருவேல் பூத்துவிட்டால் அவருக்குத் தும்மல் நிற்காது. அண்டா பக்கத்தில் நின்று தும்முகிறவரை யார் கூப்பிடுவார்கள்? இரண்டு கல்யாணம் கைவிட்டுப் போயிருந்தது. இன்னொரு மாசி இப்படிப் போனால் தொழிலே போச்சு என்று அழாத குறை.

"இப்போதைக்கு மாத்திரைதான். பூக்கும் முன்னே, ஐப்பசியிலேயே வந்து வாராவாரம் ஊசி போட்டு உடம்பைப் பழக்க வேண்டும்" என்றார் டாக்டர். சுப்பையா என் பக்கம் திரும்பினார்.

"வீடு பத்திக்கிட்டா தண்ணி ஊத்துவாக. பத்துறதுக்கு முந்தியே ஊத்தச் சொல்றீகளே!"

மருந்தில் என்ன?

ஐப்பசியில் வந்துவிட்டார். சட்டைக் கையை மடக்கியபடி, மருந்து எதில் செய்தது என்று கேட்டார். அதே சீமைக்கருவேலம் பூவின் தூள்தான், துளித்துளியாகக் கூட்டிக்கொண்டே போவோம் என்றேன். மடக்கிய கையை இறக்கிவிட்டார்.

"வேலியில போற ஓணானை வேட்டிக்குள்ள விடச் சொல்றீகளா?"

தையில் விட்ட மூன்று வாரம்

எப்படியோ சம்மதித்து மார்கழி வரை ஒழுங்காக வந்தார். தை முகூர்த்தங்களில் மூன்று வாரம் ஆளையே காணோம். அப்படி விட்டுப்போனால் அளவைக் குறைத்துத்தான் போட வேண்டும். அவர் திரும்பி வந்த அன்று இருந்த கூட்டத்தில் சீட்டைச் சரியாகப் பார்க்காமல், பாவி நான், கூடுதல் அளவை ஏற்றிவிட்டேன்.

பத்தாவது நிமிடம் உதடு வீங்கி மூச்சு இழுத்தது. ஐயோ, நான் போட்ட கத்தலில் டாக்டர் ஓடிவந்து மாற்று ஊசி போட்டார். மெல்ல மூச்சு சீரானது. செய்த தப்பைச் சொல்லி சுப்பையாவின் கையைப் பிடித்தேன். பிடித்தபடியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"நான் பொழைச்சுக்கிட்டேன். இவுகளை யாராச்சும் பெஞ்சில உக்கார வைங்கப்பா!"

மறு மாசி

குறைந்த அளவில் தொடர்ந்தோம். மறு மாசியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் அவர் கைக்கு வந்தது. பயத்தில் நானும் போய்ச் சமையல்கட்டு வாசலில் நின்று அவர் மூக்கையே பார்த்தேன். ஒரு தும்மல் கிடையாது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து நான் போட்டேன், அடுக்காக ஏழு தும்மல். சுப்பையா கரண்டியோடு பாய்ந்து வந்தார்.

"அங்குட்டுப் போயித் தும்முங்க! ஐப்பசியில நானே உங்களை இழுத்துட்டு வாரேன்."

சொன்னபடி இழுத்துக்கொண்டும் போனார்; டாக்டர் ஊசி போட்டபின், அந்த அரைமணி நேரமும் பெஞ்சில் உட்கார்ந்து நடுங்கியவன் நான், என் முகத்தையே பார்த்து நடுங்கியவர் சுப்பையா.